ஜேசிஎல்லில் இல்லாத ஃபைல்: மெயின்பிரேம் பேட்ச்சுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணே, ஜேசிஎல்லில் அந்த ஃபைல் பேரே இல்லையே. அப்புறம் எப்படி ஜாப் அதைப் படிக்குது?"

இரவு ஷிப்ட் முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி கேட்ட கேள்வி இது. மூன்று மாதத்தில் இந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆள் தேறிவிடுவார் என்பது என் கணக்கு. ஜேசிஎல்லை, அதாவது ஒரு பேட்ச் வேலைக்கு (ஜாப்) எந்தப் புரோகிராம், எந்த ஃபைல் என்று சொல்லும் கட்டளை வரிகளைப் படித்தால், ஜாப்பின் கதை முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருகிறோம். அது முக்கால்வாசிதான் உண்மை. மிச்சக் கால்வாசிக்குப் பெயர் டைனமிக் அலகேஷன். ஜாப் ஓடத் தொடங்கிய பிறகு, புரோகிராமே சிஸ்டத்திடம் "இந்த டேட்டாசெட்டை எனக்குக் கொடு" என்று கேட்டு வாங்குவது. (மெயின்பிரேமில் ஃபைலுக்கு டேட்டாசெட் என்று பெயர்.) அடியில் வேலை செய்வது எஸ்விசி 99 என்ற சிஸ்டம் அழைப்பு. கோபால், ரெக்ஸ் போன்ற மொழிகள், ஐடிகேம்ஸ் என்ற ஃபைல் பராமரிப்புக் கருவி, டிபி2 டேட்டாபேஸின் யூட்டிலிட்டி என்று யார் கேட்டாலும் கடைசியில் அந்த ஒரே வாசலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

இது தவறான வசதி இல்லை. ஆனால் புரொடக்‌ஷனில் ஜேசிஎல்லை நம்பி நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த ஜாப் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கும் ஆபரேட்டர், ஜாப்களை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர், தப்பு நடந்தால் எந்த ஸ்டெப்பிலிருந்து மறுபடி ஓட்டலாம் என்று முடிவு செய்பவர், யார் எதைத் தொடுகிறார்கள் என்று கேட்கும் ஆடிட்டர். இவர்கள் யாரும் உங்கள் கோபால் சோர்ஸைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அதனால் கட்டுப்பாடு என்று நான் சொல்வது, மறைந்து நடப்பதை அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. தடை போடுவது அதில் ஒரு சிறு பகுதிதான்.

முதலில், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

ஜேசிஎல்லில் ஃபைலைச் சொல்லும் வரிக்கு டிடி என்று பெயர்; புரோகிராம் ஃபைலை அந்த டிடி பெயரால்தான் அழைக்கும். டிடி வரியில் எழுதிய டேட்டாசெட்டுகளுக்கெல்லாம், ஜாப் தொடங்கும் முன்பே, ஜாப்பைத் தொடக்கிவைக்கும் இனிஷியேட்டர் மொத்தமாகப் பூட்டுக் கேட்கும். இந்தப் பூட்டுக்கு என்க்யூ என்று பெயர். எஸ்ஒய்எஸ்டிஎஸ்என் என்ற வரிசையில் டேட்டாசெட் பெயர் பதிவாகும். வேறு யாராவது அதைத் தனக்கே என்று பிடித்து வைத்திருந்தால் ஜாப் தொடங்காமல் காத்திருக்கும். "ஜாப் வெய்ட்டிங் ஃபார் டேட்டா செட்ஸ்" என்று கன்சோலில் செய்தி வரும். ஆபரேட்டர் பார்ப்பார், பிடித்திருப்பவரை விரட்டுவார், ஜாப் ஓடும். யாருக்கும் சேதமில்லை.

டைனமிக்கில் பூட்டுக் கேட்பது நடு ஓட்டத்தில். டேட்டாசெட் கிடைக்கவில்லை என்றால், சாதாரண புரோகிராமுக்குக் காத்திருக்கும் சலுகை கிடையாது. "இல்லை" என்ற பதில் உடனே வந்துவிடும். காத்திருக்கச் சொல்லும் ஒரு கொடி இருக்கிறது, ஆனால் அது அதிகாரம் பெற்ற, அதாவது ஏபிஎஃப் புரோகிராம்களுக்கு மட்டும். ஆக, ஒரே மோதல் டிடி வரியில் தாமதமாகத் தெரியும், டைனமிக்கில் தோல்வியாகத் தெரியும். அந்தத் தோல்வியைக் கவனிக்கும் பொறுப்பு புரோகிராம் எழுதியவர் தலையில் விழுகிறது. பல சிக்கல்களின் வேர் இங்கேதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பேட்ச்சில் ஒரு ஸ்டெப்பில் டைனமிக்காக வாங்கியது அந்த ஸ்டெப் முடியும்போது விடுபட்டுவிடும். அடுத்த ஸ்டெப் அதே டிடி பெயரை எதிர்பார்த்தால் ஏமாறும்.

எங்கெங்கே நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

உங்கள் கைக்கு வரும் அப்ளிகேஷனில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது முதல் வேலை. சோர்ஸ் லைப்ரரியில் நான்கைந்து சொற்களைத் தேடினாலே பெரும்பகுதி அகப்படும். கோபாலில் பிபிஎக்ஸ்டபிள்யூடைன் என்ற ரூட்டீனை அழைக்கிறார்களா பாருங்கள் (எங்கள் குழுவில் அதைச் சுருக்கமாக "டைன்" என்போம், இந்தக் கட்டுரையிலும் அப்படியே). அசெம்பிளரில் டைனலாக் மேக்ரோ. டிஎஸ்ஓ (திரையில் உட்கார்ந்து கட்டளை கொடுக்கும் சூழல்) கட்டளைகளைப் பேட்ச்சில் ஓட்டும் ஐகேஜேஇஎஃப்டி01 உள்ள ஸ்டெப்களில் அலாக் கட்டளை. ஐடிகேம்ஸில் அலகேட். டிபி2 யூட்டிலிட்டி கார்டுகளில் டெம்ப்ளேட். கோபாலில் இன்னொரு ரகசிய வாசலும் உண்டு: டிடி இல்லாதபோது, அதே பெயரில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் அதில் சொன்ன டேட்டாசெட்டைக் கோபாலே டைனமிக்காக எடுத்துக்கொள்ளும். இதைச் சோர்ஸில் தேட வேண்டுமானால் செட்என்வ், புட்என்வ் என்று தேடுங்கள்.

சோர்ஸ் கிடைக்காத பழைய புரோகிராம்களும் இருக்கும். அதற்கு எஸ்எம்எஃப், அதாவது சிஸ்டம் தானே எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவுகள் இருக்கின்றன. சாதாரண டேட்டாசெட்டைப் படித்து மூடினால் வகை 14, எழுதி மூடினால் வகை 15, விசாம் என்ற தனி அமைப்புள்ள ஃபைல் என்றால் 62, 64. இவற்றில் ஜாப் பெயரும் டேட்டாசெட் பெயரும் இருக்கும். ஒரு மாதப் பதிவை எடுத்து, ஜேசிஎல்லில் இருக்கும் பெயர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது டைனமிக். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி நாட்களையும் சேர்த்தே எடுங்கள்; சில ஜாப்கள் அன்றைக்குத்தான் தலைகாட்டும்.

ஜாப் லாகிலும் தடயம் கிடைக்கும். எஸ்ஒய்எஸ்00001 மாதிரி, யாரும் வைக்காத டிடி பெயர் தெரிந்தால், பெயர் சொல்லாமல் டைனமிக்காக வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். வரிசைப்படுத்தும் யூட்டிலிட்டியான டிஎஃப்சார்ட்டும் தன் வேலைக்கான தற்காலிக இடத்தை டைனமிக்காக வாங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், விட்டுவிடுங்கள்.

டிடியா, டைனமிக்கா?

என் தீர்ப்பு கொஞ்சம் பழமையானது. ஜாப் சப்மிட் ஆகும்முன் டேட்டாசெட் பெயர் தெரியும் என்றால் டிடி எழுதுங்கள். தேதி மட்டும் மாறுகிறது என்றால் ஷெட்யூலரின் வேரியபிளோ, ஒரே பெயரில் தலைமுறை எண்ணோடு வரிசையாக வரும் ஜிடிஜியோ போதும். ஓடும்போதுதான் பெயரோ எண்ணிக்கையோ தெரியவரும் என்றால் மட்டும் டைனமிக். உதாரணமாக, இன்றைக்கு எத்தனை கிளைகளிலிருந்து ஃபைல் வந்திருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. அங்கே டைனமிக் நியாயம். "ஜேசிஎல்லை மாற்ற சேஞ்ச் ரெக்வெஸ்ட் போட வேண்டுமே" என்ற சோம்பலுக்காக டைனமிக் போடுவது நியாயமில்லை. அப்படிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேறு கம்பெனிக்குப் போன பிறகு இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தது எனக்கு.

கோபாலில் எழுதும் முறை, அதில் இருக்கும் ஒரு பொறி

டைன் ரூட்டீனுக்குக் கொடுக்க வேண்டியது எளிது. இரண்டு பைட் நீளம், அதன் பின்னால் கட்டளை வரி. வரியில் அலாக் என்ற சொல், டிடி பெயர், டேட்டாசெட் பெயர், பகிர்ந்து படிக்க எஸ்எச்ஆர். தோல்விச் செய்தி ஜாப் லாகில் விழவேண்டும் என்றால் எம்எஸ்ஜி என்ற சொல்லோடு டபிள்யூடிபி என்றும் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அதே முறையில் ஃப்ரீ.

இப்போது பொறி. பதில் எண் நான்கு பைட். மேல் இரண்டு பைட்டில் பிழைக் குறியீடு, கீழ் இரண்டு பைட்டில் கூடுதல் தகவல். கோபாலின் ரிட்டர்ன்-கோட் ரெஜிஸ்டரோ இரண்டே பைட். அதை மட்டும் பார்த்தால் கீழ்ப் பாதிதான் உங்கள் கைக்கு வரும். "வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்பதற்கான குறியீடு 0210. அதனோடு தகவல் பாதி பூஜ்ஜியமாக வந்தால் ரிட்டர்ன்-கோடில் தெரிவது பூஜ்ஜியம். அதாவது தோல்வி, வெற்றி வேடம் போட்டுக்கொண்டு வரும்.

இதில் நானும் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு வங்கியில், கிளை ஃபைல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படிக்கும் புரோகிராம் ஒன்று. தைப்பூசத்துக்கு முந்தைய இரவு. கூட்டரசுப் பிரதேசத்தில் மறுநாள் விடுமுறை என்பதால் இரண்டு நாள் வேலை ஒரே இரவில் நெருக்கியடித்தது. ஃபைல் அனுப்பும் ஜாப் தாமதமாகி ஒரு கிளையின் ஃபைலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அலகேஷன் 0210 என்று தோற்றது. ரிட்டர்ன்-கோட் பூஜ்ஜியம் காட்டியது. புரோகிராமில் அந்த ஃபைலை ஆப்ஷனல் என்று வேறு அறிவித்திருந்தார்கள். டிடி இல்லாததால் ஓபன் ஸ்டேட்டஸ் 05 வந்தது, முதல் ரீடிலேயே ஃபைல் முடிந்துவிட்டது. "இன்றைக்கு இந்தக் கிளையில் பரிவர்த்தனை இல்லை" என்று முடிவு செய்து புரோகிராம் அடுத்த கிளைக்குப் போய்விட்டது. ஜாப் சுத்தமாக முடிந்தது, எல்லோரும் பத்து மலைக்குப் போனோம். விடுமுறை முடிந்து வந்த பிறகுதான் ஒரு கிளையின் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்றுமே பதிவாகவில்லை என்று தெரிந்தது.

திருத்தம் இரண்டே வரி. ரூட்டீனை அழைக்கும் கால் (CALL) வரியில் ரிட்டர்னிங் போட்டு, நான்கு பைட் பைனரி வேரியபிளில் பதிலை வாங்குங்கள். அது பூஜ்ஜியம் இல்லை என்றால் டேட்டாசெட் பெயரையும் எண்ணையும் டிஸ்ப்ளே செய்துவிட்டு ஜாப்பைத் தோல்வியாக நிறுத்துங்கள்.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். லாகில் 34603008 என்று இருந்தால் 65536-ஆல் வகுங்கள், 528 வரும். அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 0210. அதேபோல் 386400258 என்றால் ஈவு 5896, மீதி 2. அந்த ஈவு பதினாறடிமானத்தில் 1708, அதாவது கேட்டலாகில் (ஃபைல் பெயர்களின் அட்டவணையில்) அந்தப் பெயர் இல்லை. பெயர் தப்பு, அல்லது முந்தைய ஜாப் ஃபைலை உருவாக்கவே இல்லை. 0410 வந்தால் அந்த டிடி பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, முந்தையதை ஃப்ரீ செய்ய மறந்திருப்பீர்கள். சின்ன எதிர்மறை எண் வந்தால் சிஸ்டத்தைத் திட்ட வேண்டாம், கட்டளை வரியில் எழுத்துப் பிழை இருக்கும்.

டிஎஸ்ஓ வழியாக ஓடும் ஸ்டெப்கள்

இங்கே இரண்டு தொல்லை. அலாக் கட்டளையில் டேட்டாசெட் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால், ஜாப் எந்த ஐடியில் ஓடுகிறதோ அது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். டெஸ்டில் உங்கள் ஐடி, புரொடக்‌ஷனில் வேறு ஐடி. டெஸ்டில் ஓடியது இங்கே ஓடாது. இன்னொன்று, ஐகேஜேஇஎஃப்டி01 கடைசியாக ஓடிய கட்டளையின் ரிட்டர்ன் கோடைத்தான் ஸ்டெப்புக்குத் தரும். நடுவில் அலாக் 12 என்று விழுந்தாலும் அடுத்த வரி ஓடும். ஐகேஜேஇஎஃப்டி1பி என்ற நுழைவாயிலைப் பயன்படுத்தினால், கட்டளை பூஜ்ஜியம் அல்லாத கோட் தந்ததும் ஸ்டெப் அங்கேயே நின்றுவிடும். புரொடக்‌ஷனில் நான் அதைத்தான் கேட்பேன்.

பெயருக்கு வேலி

புரோகிராம் தானே பெயர் கட்டுகிறது என்றால், எதைக் கொண்டு கட்டுகிறது என்பது முக்கியம். பரிவர்த்தனை ஃபைலிலிருந்தோ பாராமீட்டர் கார்டிலிருந்தோ முழுப் பெயரையும் எடுக்க விடாதீர்கள். முன்பகுதி புரோகிராமிலோ கட்டுப்பாட்டு அட்டவணையிலோ நிலையாக இருக்கட்டும்; கிளை எண், தேதி போன்ற வால் மட்டும் மாறட்டும். கிளை எண் உண்மையிலேயே எண்தானா என்று சோதித்த பிறகு ஒட்டுங்கள்.

அதற்கு வெளியே ரேக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருள் வேலி. டைனமிக் என்பதால் அது தாண்டிப் போகாது; திறக்கும்போது வழக்கம்போல் அனுமதி பார்க்கும். பிரச்சினை என்னவென்றால், புரொடக்‌ஷன் ஐடிக்குப் பல இடங்களில் எல்லா ஃபைல்மீதும் அப்டேட் அனுமதி கொடுத்து வைத்திருப்பார்கள். அப்படியானால் வேலி இருந்தும் கதவு திறந்து கிடக்கிறது. அப்ளிகேஷனுக்கு ஒரு ஐடி, அந்த அப்ளிகேஷனின் பெயர்களுக்கு மட்டும் அனுமதி என்று பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆர்எம்ஐடி (தொழில்நுட்ப இடர் மேலாண்மை) கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, ஆடிட்டர் எப்படியும் கேட்பார் என்று நினைவூட்டினால் பேச்சு இளகும். முக்கியமான சிஸ்டம்களில் வாடிக்கையாளரைத் தொடும் எதிர்பாராத தடங்கல் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு சம்பவம் 120 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே கொள்கையில்தான் இருக்கிறது. விடிந்தும் முடியாத பேட்ச் அந்தக் கணக்கைத் தின்னத் தொடங்கிவிடும்.

புதிய டேட்டாசெட் உருவாக்குவது என்றால் எஸ்எம்எஸ் என்ற சேமிப்பு நிர்வாக மென்பொருளின் ஏசிஎஸ் ரூட்டீன்கள் இருக்கின்றன. டேட்டாசெட் பெயர், ஜாப் பெயர், புரோகிராம் பெயர் எல்லாவற்றையும் பார்த்து, வழக்கத்துக்கு மாறானதை ஒரு செய்தியோடு மறுக்க அவற்றால் முடியும். ஸ்டோரேஜ் குழுவினர் கையில் இருக்கும் வேலை இது. அவர்களிடம் உதாரணப் பெயர்களோடு போங்கள், வெறும் கருத்தோடு போகாதீர்கள்.

கோபால்காரர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: சிபிஎல்கியூடிஏ என்ற ரன்டைம் ஆப்ஷன் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால், எழுதத் திறக்கும் ஃபைலுக்கு டிடி இல்லாதபோது கோபால் தானாகவே ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி அதில் எழுதும். டிடி பெயரில் ஓர் எழுத்து தப்பினால் இரவு முழுதும் எழுதிய ரிப்போர்ட் காற்றோடு போய்விடும், ரிட்டர்ன் கோட் மட்டும் பூஜ்ஜியமாக இருக்கும்.

மோதலைத் தாங்குவது

காத்திருக்க முடியாது என்றேன். முயன்று பார்க்கலாம்: 0210 வந்தால் மட்டும், ஒரு நிமிடம் விட்டு மறுபடி, அதிகபட்சம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் லாகில் எழுதுங்கள். 1708-க்கு மறுமுயற்சி வேண்டாம். இல்லாத ஃபைல் ஐந்து நிமிடத்தில் முளைக்காது.

எனக்குப் பிடித்த வழி வேறு. அந்தக் கிளை ஃபைல்களைத் தொடும் எல்லா ஜாப்களுக்கும் பொதுவாக ஒரு சிறிய காலி டேட்டாசெட்டை வைத்து, அதற்கு ஜேசிஎல்லில் டிடி எழுதுங்கள். ஃபைல் அனுப்பும் ஜாப் அதை ஓல்டு, அதாவது தனக்கே, என்று கேட்கட்டும், படிக்கும் ஜாப் எஸ்எச்ஆர் என்று கேட்கட்டும். டைனமிக்கில் தோற்க வேண்டியது இப்போது ஜாப் தொடக்கத்திலேயே காத்திருப்பாக மாறிவிடுகிறது. ஆபரேட்டருக்குப் பழகிய செய்தி, பழகிய மருந்து. கன்சோலில் டிஸ்ப்ளே ஜிஆர்எஸ் கட்டளை போட்டு, எஸ்ஒய்எஸ்டிஎஸ்என் வரிசையில் அந்தப் பெயரைக் கேட்டால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. ஒரு ஸ்டெப் வைத்திருக்கும் டிடிகள் டிஐஓடி என்ற அட்டவணையில் உட்காரும். வழக்கமான 32 கே அளவில் ஒற்றை யூனிட் டிடிகள் 1635 கொள்ளும், 64 கே ஆக்கினால் 3273. சுழற்சிக்குள் அலாக் போட்டு ஃப்ரீ போட மறந்தால் டெஸ்டில் பத்து ஃபைலோடு ஒழுங்காக ஓடும், புரொடக்‌ஷனில் முட்டும்.

மறுஓட்டம்

புதிய ஃபைலை டைனமிக்காக உருவாக்கி, பாதியில் அபெண்ட் ஆனால், அதாவது புரோகிராம் முறிந்து நின்றால், என்ன ஆகும்? டிடி வரியில் மூன்றாவது டிஸ்பொசிஷன் எழுதி, தோற்றால் அழி என்று சொல்லியிருப்பீர்கள். எல்லோர் கண்ணிலும் படும். டைனமிக்கில் அதை யோசிக்காமல் விட்டால் அரைகுறை ஃபைல் கேட்டலாகில் தங்கிவிடும். மறுபடி ஓட்டும்போது அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று அலகேஷன் தோற்கும். ஜேசிஎல்லைப் பார்க்கும் ஆபரேட்டருக்கு எந்த ஃபைலை அழிப்பது என்றே தெரியாது. எனவே ஜேசிஎல்லின் தலையில் கமெண்ட் வரிகளாக எழுதிவையுங்கள்: இந்த ஸ்டெப் டைனமிக்காகத் தொடும் பெயர்களின் வடிவம், படிக்கிறதா எழுதுகிறதா, மறுஓட்டத்துக்கு முன் எதை அழிக்க வேண்டும். நாலு வரி. நான் பார்த்ததில் அதிக இரவுத் தொலைபேசிகளை மிச்சப்படுத்தியது இந்த நாலு வரிதான்.

சிஸ்டம் முழுமைக்கும் ஒரே இடத்தில் காவல் போட வேண்டும் என்றால் ஐஇஎஃப்டிபி401 என்ற எக்ஸிட் (சிஸ்டம் நடுவில் அழைக்கும் ரூட்டீன்) இருக்கிறது. ஒவ்வொரு டைனமிக் கோரிக்கையையும் பார்த்து மறுக்க அதனால் முடியும். அதில் தப்பு நடந்தால் டிஎஸ்ஓ லாகான் முதல் எல்லாமே தடுமாறும். சிஸ்டம் புரோகிராமர் வேலை அது, உங்களுடையது இல்லை. மேலே சொன்னதெல்லாம் செய்து போதாதபோது மட்டும் கேளுங்கள்.

லைவுக்கு முன்

மூன்று சோதனை செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். யூனிக்ஸ் கட்டளையை ஓட்டும் பிபிஎக்ஸ்பேட்ச் ஸ்டெப் ஒன்றில் ஸ்லீப் 300 போட்டு, உங்கள் ஃபைல்களில் ஒன்றை ஓல்டு என்று பிடித்துவைத்துவிட்டு உங்கள் ஜாப்பை ஓட்டுங்கள். அடுத்து, பட்டியலில் இல்லாத ஒரு கிளை எண்ணைக் கொடுங்கள். மூன்றாவதாக, வேறு அப்ளிகேஷனின் பெயரை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள். முதல் சோதனையில் மறுமுயற்சிகள் லாகில் தெரிந்து, அந்த ஐந்து நிமிடத் தூக்கம் கலைந்தபின் ஜாப் தேறலாம், அல்லது தெளிவாகத் தோற்கலாம்; இரண்டும் சரி. மற்ற இரண்டிலும் அது தோற்றே ஆக வேண்டும், தோற்ற பெயர் லாகில் இருக்க வேண்டும். எதிலாவது மூச்சுக் காட்டாமல் பூஜ்ஜியத்தில் முடிந்தால் முதலில் போய் அந்த ரிட்டர்னிங் வரியைப் பாருங்கள்.